துண்டுக்குள்ளே ஐம்பது நாற்காலி

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாமனாரை ஒரு யுனிவர்சிட்டிக்குக் கூட்டிட்டுப் போகணும். முதுமையைப் பத்தி ஆராய்ச்சி பண்ற சென்டர் ஒன்னு அங்க இருந்துச்சு. அதுக்கு அவர் ஒரு நன்கொடை குடுக்கறார். ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரணும்.

அவ்வளவுதான். கணபதிங்கற ஏரியாவுல சொந்தமா லேத் பட்டறை வச்சிருக்கறவன் நான். இதைக்கூடச் செய்ய மாட்டேனா?

மாட்டேன்னு அன்னிக்குச் சாயங்காலம் தெரிஞ்சுது.

நடந்தது தொண்ணூறுகள்ல. பிளாஸ்டிக் சேர் அப்பத்தான் ஊருக்குள்ள நுழைஞ்சிருந்துச்சு. அதுல உக்கார்றவங்க எல்லாரும் ஒரு தடவை கீழ குனிஞ்சு அதோட காலைப் பாத்துட்டுத்தான் உக்காருவாங்க.

மாமனாரைப் பத்திச் சொல்லிடறேன். வெள்ளகோவில் பக்கம் தோட்டம். எழுபத்தி நாலு வயசு. விவசாயத்தோட மாட்டுத் தரகும் பாத்தவர். மாட்டுச் சந்தையில வாயால விலை பேச மாட்டாங்க. ரெண்டு பேரும் கையைக் கோத்து, மேல துண்டைப் போட்டு மூடிக்குவாங்க. உள்ள விரலைப் புடிக்கறதுலதான் விலை. சுத்தி நூறு பேர் நின்னாலும் ஒருத்தனுக்கும் ஒன்னும் தெரியாது. மாமனார் இப்படியே நாப்பது வருஷம் பேசிப் பழகினவர். எண்ணிக்கைன்னு எது வந்தாலும் அவருக்கு வாய் மூடிக்கும், கை துண்டைத் தேடும்.

கல்யாணமான புதுசுல என்னையும் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனார். ஒரு எருமை முன்னாடி நின்னுட்டு, திடீர்னு என் கையைப் புடிச்சு மேல துண்டைப் போட்டார். உள்ள என்னென்னவோ விரலை அமுக்கினார். எனக்கு ஒரு மண்ணும் புரியலை.

புது மாப்பிள்ளை. தெரியலைன்னு சொல்றதுக்கு வெக்கம். மெதுவா, ரொம்ப யோசிக்கறவன் மாதிரி, தலையை ஆட்டினேன்.

அன்னிக்குச் சாயங்காலம் அந்த எருமை கணபதியில என் பட்டறை வாசல்ல வந்து நின்னுச்சு.

ஏன் வந்துச்சு, யாருக்கு வந்துச்சு, ஒன்னும் தெரியாது. கேக்கவும் முடியாது. கேட்டா குட்டு உடைஞ்சிரும். அது பால் குடுக்கலை, வர்ற கஸ்டமரை எல்லாம் உதைச்சுது, ஒரு வருஷம் இருந்துட்டுப் போச்சு. அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம், மாமனார் எப்ப துண்டைப் போட்டாலும் நான் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். சொந்தத்துல எனக்கு நல்ல பேர். "மாப்பிள்ளை டவுன்காரருதான், ஆனா விரல் பேச்சு அத்துப்படி."

சரி, நன்கொடைக்கு வர்றேன்.

என் மாமியார், பழனாத்தாள். கடைசி ரெண்டு வருஷம் அத்தைக்கு மறதி வந்துருச்சு. மொதல்ல உப்பு டப்பாவை மறந்தாங்க. அப்புறம் ஊரை மறந்தாங்க. அப்புறம் எங்களை மறந்தாங்க. என்னை ஒரு நாள் தபால்காரர்னு கூப்பிட்டாங்க, ஒரு நாள் கறவைக்காரர்னு கூப்பிட்டாங்க. மாமாவை மட்டும் "ஏனுங்க"ன்னு கூப்பிடறதை மறக்கலை. இந்த ஆளு யாருன்னு அத்தைக்குத் தெரியாது. ஆனா கூப்பிடற வார்த்தை மட்டும் தெரியும்.

அந்தச் சென்டருக்கு அத்தையை நாலு தடவை கூட்டிட்டுப் போனோம். மொதல் தடவை உக்கார எடமில்லை. வராந்தாவுல பெருசுங்க எல்லாம் செவுத்துல சாஞ்சு நின்னுட்டிருந்தாங்க. அத்தைக்குக் கால் நடுங்குச்சு. உள்ள இருந்த டைரக்டர் அம்மா அதைப் பாத்துட்டு, தன் சேரை அவங்களே தூக்கிட்டு வந்து போட்டு அத்தையை உக்கார வச்சாங்க. ஒரு மணி நேரம், அந்தம்மா நின்னுக்கிட்டே பேசினாங்க. அத்தை கேட்டதையே பதினோரு தடவை கேட்டாங்க. பதினோரு தடவையும் அந்தம்மா மொதல் தடவை கேக்கற மாதிரியே பதில் சொன்னாங்க.

மாமா அதை மறக்கலை.

அத்தை போய் ஒரு வருஷம் ஆச்சு. ஒரு நாள் மாமா வீட்டுக்கு வந்து, மடியில இருந்து நாலா மடிச்ச ஒரு காகிதத்தை எடுத்தார். சென்டர்ல குடுத்தது. "நன்கொடை வழங்கும் வழிகள்"னு போட்டிருந்துச்சு. மொத்தம் ஏழு வழி.

"படிங்க மாப்ள."

"ஒன்னு, பணமாகச் செலுத்தலாம்."

"கரைஞ்சு போயிரும். அடுத்தது?"

"ரெண்டு, வங்கி வரைவோலை."

"பாங்கிக்காரன் பேரு பெருசா இருக்கும், உங்க அத்தை பேரு எங்கீங்க இருக்கும்? அடுத்தது."

"மூணு, ஓர் அறைக்கு உங்கள் பெயரைச் சூட்டலாம்."

"அந்த ரூமு ஒழுகுச்சுன்னா என்ற பேரைச் சொல்லித்தானுங்க திட்டுவாங்க. அடுத்தது."

"நாலு, ஆய்வு நூல்கள் வாங்கித் தரலாம்."

"அதைப் படிக்கறதுக்கும் ஆள் நாமளே வாங்கித் தரோணுமா? அடுத்தது."

"அஞ்சு, உயிலில் எழுதி வைக்கலாம்."

மாமா என்னை ஒரு பார்வை பாத்தார். "நான் எப்பப் போவேன்னு அந்தம்மா காலண்டரைப் பாத்துட்டு உக்காந்திருக்கோணுங்களா? பாவம், நல்ல மனுசி."

"ஆறு, பொருளாக வழங்கலாம். நாற்காலி, எடை பார்க்கும் இயந்திரம்..."

"நிறுத்துங்க."

நிறுத்தினேன். மாமா துண்டால முகத்தைத் தொடைச்சார்.

"சேரு. அதுதானுங்க."

ஏழாவது வழியை நான் படிக்கவே இல்லை. அது தப்பு. பின்னாடி சொல்றேன்.

மறு வாரம் விடிஞ்சதும் மொதல் பஸ்ல வந்து இறங்கினார். கையில ஒரு பை தேங்காய். வெறுங்கையோட போகக் கூடாதாம். சேர் குடுக்கறதே நன்கொடைதானே மாமான்னு கேட்டேன். "அது வேற, இது வேற"ன்னுட்டார்.

ஸ்கூட்டரைத் தள்ளறப்ப என் பொண்டாட்டி சாந்தாமணி கேட் வரைக்கும் வந்தா.

"ஏனுங்க, அப்பா எத்தனை சேருன்னு வாயைத் தொறந்து சொல்ல மாட்டாருங்க. நீங்கதான் தெரிஞ்சுக்கோணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

"எங்கம்மா பேருல குடுக்கறதுங்க. கொறைச்சலாப் போயிருச்சுன்னா அப்பா மனசு தாங்காது. எல்லார் முன்னாடியும் வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்கன்னாலும் தாங்காது. பாத்துச் செய்யுங்க."

"பதினஞ்சு வருஷமா உங்கப்பாகூட விரல்லயே பேசிட்டிருக்கேன் கண்ணு. நீ போய்ச் சோத்தை வையி."

இந்த வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்குங்க.

சென்டர் மாறவே இல்லை. ரெண்டு ரூம், ஒரு வராந்தா. எட்டு பெருசுங்க. மூணு சேர், அதுல ஒன்னுக்கு ஒரு கால் ஆட்டம். ஆடாத ரெண்டு சேர்லயும் யாரும் உக்காரலை, "நீங்க உக்காருங்க", "அட நீங்க உக்காருங்க"ன்னு ஆளாளுக்கு உபசரிச்சுக்கிட்டு எட்டு பேரும் நின்னுட்டிருந்தாங்க. நம்ம ஊர் மரியாதை அப்படி.

ஆபீஸ்ல கிளார்க் தண்டபாணி. ஒரு ஃபாரம் எடுத்தார். நடுவுல ரெண்டு கார்பன் சொருகினார்.

"கொடுப்பவர் பேருங்க?"

மாமா சொன்னார்.

"யார் ஞாபகார்த்தமா?"

"பழனாத்தாள்." சொல்றப்ப குரல் கொஞ்சம் கம்முச்சு.

"பொருளுங்க?"

"சேரு. கை வச்ச சேரு."

"எண்ணிக்கைங்க?"

மாமா திரும்பிப் பாத்தார். வராந்தாவுல இருந்த எட்டு பேரும் கதவுகிட்ட வந்து நின்னுட்டாங்க. இத்தனை பேர் முன்னாடி எண்ணிக்கையா? அவர் வாய் மூடிக்கிச்சு.

துண்டு தோள்ல இருந்து இறங்குச்சு.

என் கையைப் புடிச்சார். மேல துண்டு விழுந்துச்சு. உள்ள அவரோட அஞ்சு விரலும் என் கையைச் சுத்தி இறுக்குச்சு. ஒரு தடவை. விட்டார். மறுபடியும் இறுக்கினார். இந்தத் தடவை கொஞ்சம் நடுங்குச்சு.

தலையை ஆட்டினேன்.

"எத்தனைங்க?"ன்னார் தண்டபாணி என்னைப் பாத்து. பேனா காகிதத்து மேல நிக்குது.

மாமாவைப் பாத்தேன். அவர் செவுத்துல எதையோ பாத்துட்டிருந்தார். சந்தை முகம், ஒன்னும் தெரியாது.

மண்டைக்குள்ள கணக்குப் போட்டேன். அஞ்சு விரல். அப்ப அஞ்சா? ரெண்டு தடவை இறுக்கினாரே, பத்தா? நடுங்குச்சே, அதுக்கு என்ன அர்த்தம்? நடுங்கினா பின்னாடி ஒரு சைபர் சேத்துக்கணுமா? கொறைச்சலாப் போயிருச்சுன்னா மனசு தாங்காதுன்னு சாந்தாமணி சொன்னது காதுல கேட்டுச்சு. எட்டு பெருசுங்க. ஒன்பது ஜோடி கண்ணு, தண்டபாணியோடது சேத்து.

"அம்பதுங்க"ன்னேன்.

தண்டபாணி பேனாவைக் கீழ வச்சுட்டார்.

"அம்பதுங்களா?"

"அம்பதுங்க." ரெண்டாவது தடவை சொல்றப்ப எனக்கே தைரியம் வந்துருச்சு.

மாமாவோட எடது புருவம் ஒரு நூல் மேல போச்சு. அவரை எனக்குப் பதினஞ்சு வருஷமாத் தெரியும். அந்தப் புருவம் அசைஞ்சு நான் பாத்ததில்லை.

புருவம் இறங்குச்சு, அவர் சொன்னார். "மாப்ள சொல்லிட்டாருங்கள்ல. எழுதிக்குங்க."

வராந்தாவுல கை தட்டல்! ஒரு பெரியவர் உள்ள வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். சத்தம் கேட்டு டைரக்டர் அம்மா வந்தாங்க. தண்டபாணி காகிதத்தைக் காட்டினார். அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு மறுபடியும் படிச்சாங்க.

"ஐயா, நாங்க எதிர்பாத்தது அஞ்சோ ஆறோதானுங்க."

அஞ்சு! எனக்குக் காது அடைச்சுக்கிச்சு.

"சொன்னது சொன்னதுங்கம்மா"ன்னார் மாமா. "துண்டுக்குள்ள முடிஞ்ச பேச்சு. பொழுது சாயறதுக்குள்ள சேரு இங்க இருக்கும்."

அந்தம்மா உள்ள போனதும் நான் தண்டபாணிகிட்ட நைஸா ஒதுங்கினேன். "ஏனுங்க, அந்தச் சைபரைச் சித்த அழிக்க முடியுங்களா?"

"மூணு காப்பிங்க. அடியில ரெண்டுலயும் விழுந்துருச்சு."

"மேல ஒரு கோடு போட்டு..."

"அடிச்சுத் திருத்துனா, திருத்துனதுக்குக் காரணம் எழுதோணுங்க. என்ன காரணம்னு எழுதறதுங்க?"

மாப்பிள்ளைக்கு விரல் பேச்சு தெரியாதுன்னு மூணு காப்பியில எழுத எனக்கு மனசு வரலை. அதுக்குள்ள டைரக்டர் அம்மா வெளிய வந்து பக்கத்து டிபார்ட்மெண்டுக்கெல்லாம் சொல்லிட்டதாச் சொன்னாங்க.

டவுன்ல ஒரு பாயோட ஃபர்னிச்சர் கடை. கல்யாண சீசனுக்காகப் பின்னாடி குடோன்ல கை வச்ச இரும்புச் சேர் அடுக்கி வச்சிருந்தார்.

"வாங்க வாங்க. எத்தனைங்க?"

மாமா வாயைத் தொறக்கலை. நான்தான் சொன்னேன்.

"அம்பதா! கல்யாணமுங்களா?"

"இல்லீங்க பாய். யுனிவர்சிட்டிக்கு."

"யுனிவர்சிட்டியில கல்யாணமுங்களா?"

"வயசானவங்களுக்கு பாய். ஆராய்ச்சி."

பாய் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, மாமாகிட்ட திரும்பிட்டார். விவரம் தெரிஞ்ச ஆள் யாருன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு.

மாமா வேலையை ஆரம்பிச்சார். மாடு புடிக்கற மாதிரியேதான். ஒவ்வொரு சேரையும் சுத்தி வந்தார். காலைத் தூக்கிப் பாத்தார். வெல்டிங்கைத் தட்டிப் பாத்தார். பத்து சேரைக் "கால் சரியில்லை"ன்னு ஒதுக்கி வேற எடுக்கச் சொன்னார். பாய்க்கு வியர்த்துருச்சு, ஆனா மரியாதை கூடிருச்சு. ரெண்டு பேருக்கும் டீ வந்துச்சு. எனக்கு ஆறினது வந்துச்சு.

பெயிண்டர் டப்பாவோட வந்தார். "பேருங்க?"

"பழனாத்தாள். அது மட்டும் போதும். என்ற பேரு வேண்டாம்."

"முதுகுக்குப் பின்னாடி எழுதறதுங்களா?"

"முன்னாடி, சாயற பக்கம். சேரு காலியா இருக்கறப்பப் பேரு தெரியோணும். ஆள் உக்காந்துட்டா மறைஞ்சுக்கட்டும், பரவாயில்லை."

சேர் முதுகுல தகடு. அதுல செவப்புல ஒன்னொன்னா எழுதிட்டே போனார். அம்பது பழனாத்தாள். மாமா ஒவ்வொன்னையும் பாத்துட்டே நின்னார்.

லோடு ஏத்தப் போறப்ப மாமா சொன்னார். "சும்மா ஏத்தக் கூடாதுங்க. ஆள் உக்காந்து பாக்கோணும். வயசானவங்க உக்கார்றது. மாப்ள, உக்காருங்க."

"எதுலங்க மாமா?"

"எல்லாத்துலயுந்தான்."

பெயிண்ட் காஞ்சிருச்சான்னு பாயைக் கேட்டேன். "எங்க பெயிண்ட்டுங்க, பத்தே நிமிசத்துல காஞ்சிருமுங்க"ன்னார்.

உக்காந்தேன். எந்திரிச்சேன். அடுத்தது. உக்காந்தேன். எந்திரிச்சேன். மாமா நல்லா சாஞ்சு உக்காரச் சொன்னார். சாஞ்சேன்.

பதினாறாவது சேர்ல முட்டி பேச ஆரம்பிச்சுது. இருபத்தி எட்டாவதுல தொடை தனியா ஆடுச்சு. முப்பத்தி அஞ்சுல இருந்து நான் உக்காரவே இல்லை, விழுந்தேன். லோடு ஏத்த வந்த ஆளுங்க வேலையை விட்டுட்டுச் சுத்தி நின்னு எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. "நாப்பத்தி ஒன்னு! நாப்பத்தி ரெண்டு!"

அம்பதாவது சேர்ல உக்காந்தேன். எந்திரிக்கலை. அஞ்சு நிமிஷம் அப்படியே சாஞ்சு கெடந்தேன். அப்புறம் பாய் ஒரு கையும் மாமா ஒரு கையும் புடிச்சுத் தூக்கினாங்க. எழுபத்தி நாலு வயசுக்காரர் என்னைத் தூக்கினார். குறிச்சுக்குங்க.

டெம்போ சென்டர் வாசல்ல நிக்கறப்ப மணி அஞ்சு. ரெண்டு ரூமும் ரொம்பிப் போச்சு. வராந்தா ரொம்பிப் போச்சு. மாடிப்படிக்கு அடியில, தண்டபாணி மேஜையைச் சுத்தி, எங்க பாத்தாலும் சேர். தண்டபாணி வெளிய வரணும்னா மூணு சேரை நகத்தித்தான் வரணும். பக்கத்து டிபார்ட்மெண்ட்காரங்க வந்து வாசல்ல எட்டிப் பாத்துட்டு, "ஒரு பத்து கெடைக்குங்களா?"ன்னு கேட்டாங்க.

இப்ப அந்தம்மா என்ன சொல்லப் போறாங்களோன்னு எனக்குப் பயம். எடமில்லை, நாப்பத்தி நாலைத் திருப்பி எடுத்துட்டுப் போங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மாமா ஒன்னும் பேசாமப் போய் பஸ் ஏறிருவார். அப்புறம் வருஷக்கணக்குல அதைப் பத்திப் பேசவே மாட்டார். அதுதான் அவர் அழுகை.

டைரக்டர் அம்மா அம்பது சேரையும் பாத்தாங்க. முதுகுல எழுதியிருந்த பேரைப் படிச்சாங்க. மாமாவைப் பாத்தாங்க.

"ஐயா, மொதல் சேர்ல நீங்க உக்காருங்க."

மாமா மாட்டேன்னு தலையை ஆட்டிட்டார். ஒரு சேரை எடுத்து, துண்டால தொடைச்சு, அந்தம்மா முன்னாடி போட்டார்.

"நீங்க உக்காருங்கம்மா. அன்னிக்கு ஒரு மணி நேரம் நின்னீங்க."

அந்தம்மா உக்காந்தாங்க. பேர் மறைஞ்சுது. நான் சிரிச்சுச் சமாளிக்கப் பாத்தேன், முடியலை.

"எல்லாச் சேரும் இங்கயே இருக்கட்டுங்க ஐயா. சேர் இருந்தா ஆள் வருவாங்க. கேம்ப் போட்டா எடுத்துட்டுப் போவோம்"னாங்க அந்தம்மா.

மாமா முகத்துல அன்னிக்குக் காலையில இருந்து இல்லாத ஒரு வெளிச்சம்.

இத்தோட வீட்டுக்கு வந்திருக்கணும். அந்தம்மாவுக்கு உற்சாகம் வந்துருச்சு. கைய மார்ல கட்டிக்கிட்டு, சேர்ல இருந்து அஞ்சு தடவை உக்காந்து எந்திரிக்கற பரிட்சை ஒன்னு இருக்காம். வயசானவங்க கால் பலத்தை அதுலதான் அளப்பாங்களாம். மாமாவைச் செய்யச் சொன்னாங்க. வாட்சைப் பாத்தாங்க. மாமா கையைக் கட்டிக்கிட்டு அஞ்சு தடவையும் டக் டக்குனு எந்திரிச்சார். பெருசுங்க "சபாஷ்"னாங்க.

"ஒத்துப் பாக்கறதுக்கு, மாப்பிள்ளையும் செய்யட்டும். சின்ன வயசு இல்லீங்களா?"

மொதல் தடவை எந்திரிச்சேன். ரெண்டாவது தடவை பாதியில நின்னேன். மேலயும் போகலை, கீழயும் போகலை. அப்புறம் கீழ போச்சு.

அந்தம்மா சிரிக்கலை. அதுதான் எனக்குக் கவலையாப் போச்சு. கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு, பேனாவை எடுத்தாங்க.

"உங்க வயசு என்னங்க?"

"நாப்பத்தி ஒன்னுங்க."

"ஓஹோ." எழுதிக்கிட்டாங்க. "ரொம்ப நாளா இப்படி இருக்குங்களா?"

அம்பது சேர்ல உக்காந்து எந்திரிச்ச கதையைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டே கேட்டாங்க. சந்தையில நான் ஆட்டுவேனே, அதே ஆட்டல். நம்பலைன்னு தெரிஞ்சுது. தண்டபாணி ஒரு புது ஃபாரத்துக்கு நடுவுல கார்பன் சொருகிட்டிருந்தார். அப்பத்தான் அந்தக் காகிதத்துல ஏழாவது வழி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டேன்: "உங்களையே ஆய்வுக்கு வழங்கலாம்."

நான் மாட்டேன்னு சொல்றதுக்குள்ள, மாமா தேங்காய்ப் பையை அவங்க மேஜை மேல வச்சுட்டு வாசலுக்குப் போயிட்டார். நான் எந்திரிக்க முடியாததால கையெழுத்துப் போட்டேன்.

வர்ற வழியில ஒரு பேக்கரியில வண்டியை நிறுத்தினேன். ரெண்டு டீ, ரெண்டு தேங்காய் பன். மனசு உறுத்துச்சு. சொல்லிட்டேன்.

"மாமா, ஒரு விசயமுங்க. எனக்கு அந்த விரல் பேச்சு தெரியாதுங்க. பதினஞ்சு வருஷமாவே தெரியாது."

மாமா பன்னைப் பிட்டு டீயில முக்கினார்.

"தெரியுமுங்க மாப்ள."

"என்ன தெரியுமுங்க?"

"உங்களுக்குத் தெரியாதுங்கறது தெரியும். எருமை வாங்குன அன்னிக்கே."

நான் பன்னைக் கீழ வச்சேன்.

"அப்ப காலையில ஏனுங்க கையைப் புடிச்சு எத்தனைன்னு சொன்னீங்க?"

"நான் எங்கீங்க சொன்னேன்?" டீ டம்ளரைப் பாத்துக்கிட்டே பேசினார். "எத்தனை சேருன்னு அவரு கேட்டாரு. அந்தச் செவுத்தோரமாத்தான் அவ அன்னிக்கு நின்னுட்டிருந்தா. எத்தனை குடுத்தா அவளுக்குச் சரியா இருக்கும்னு எனக்கு நம்பரே வரலீங்க மாப்ள. கண்ணு கலங்கிருச்சு. நாலு பேரு பாக்கறாங்க. உங்க கையைப் புடிச்சுக்கிட்டேன். நடுங்குறது தெரியக் கூடாதுன்னு துண்டைப் போட்டேன். அவ்வளவுதான்."

அந்தக் கைக்கு நான் போட்ட கணக்கை நினைச்சா வெக்கமா இருந்துச்சு.

"நான் பாட்டுக்கு அம்பதுன்னு உளறிட்டேனுங்களே மாமா."

"நானா இருந்தா அஞ்சுன்னு சொல்லிப்போட்டு ராத்திரியெல்லாம் தூங்காமக் கெடந்திருப்பேன். உங்க வாயில வந்தது நல்லதாப் போச்சுங்க."

இதுதான் சமயம்னு கேட்டேன். "அப்ப, அந்த எருமை?"

மாமா மொதல் தடவையாச் சிரிச்சார். "அதா? எருமைக்காரன் சொன்ன வெலை ரொம்ப அநியாயமுங்க. அந்த வெலையை உங்க விரல்ல சொன்னேன். கேட்டுச் சிரிப்பீங்கன்னு பாத்தேன். நீங்க சரின்னு தலையை ஆட்டிப்போட்டீங்க. புது மாப்பிள்ளை பேச்சைத் தட்ட முடியுங்களா?"

வீட்டுக்குள்ள நுழையறப்ப சாந்தாமணி சோத்தை மூணாவது தடவை சூடு பண்ணிட்டிருந்தா. மத்தியானச் சோறு. என் முதுகைப் பாத்துட்டு, "சட்டையில என்னங்க செவப்பா?"ன்னா.

பாயோட பெயிண்ட். பத்து நிமிஷத்துல காயலை. அம்பது சேரும் முதுகுல தடவி விட்டிருந்துச்சு. கடைசிச் சேர்ல அஞ்சு நிமிஷம் சாஞ்சு கெடந்தேன் இல்லையா, அது மட்டும் தனியா அழுத்தமாப் பதிஞ்சிருந்துச்சு. எழுத்து இடம் வலமாத் திரும்பிக் கெடந்ததால அவளுக்குப் படிக்க முடியலை. பீரோ கண்ணாடி முன்னாடி என்னைத் திருப்பி நிறுத்தினா. கண்ணாடியில நேராத் தெரிஞ்சுது.

பழனாத்தாள்.

திட்டப் போறான்னு கண்ணை மூடிக்கிட்டேன். திட்டலை. சட்டையைக் கழட்டச் சொல்லி வாங்கிக்கிட்டா. துவைக்கப் போடலை. மடிச்சு, பீரோவுல அவங்கம்மா சேலைக்கு மேல வச்சுட்டா. புதுச் சட்டைங்க அது, ஒரு தடவைதான் போட்டிருந்தேன்.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சென்டர்ல இருந்து எனக்குக் கார்டு வரும்: தாங்கள் வந்து ஐந்து முறை உட்கார்ந்து எழுந்து செல்லவும்.

போய்ட்டுத்தான் வர்றேன். உக்கார எடத்துக்குப் பஞ்சமில்லை.